புரதமாப் பேணியும் நமது சோற்றுக்கோப்பையும்

ஒரு காலத்தில் உடற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்லும் இளைஞர்களிடம் மட்டும் காணப்பட்ட புரதமாப் பேணிகள் இன்று நகர்ப்புற மருந்தகங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வளரும் பிள்ளைக்கு, கர்ப்பிணித் தாய்க்கு, முதியவருக்கு எனத் தனித்தனி வகைகளும் வந்துவிட்டன. நாளாந்த உணவை ஒழுங்காக உண்ணும் ஒருவருக்கு இவை தேவைதானா? பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதே விடை. அந்தப் பெரும்பாலானோருக்குள் அடங்காதவர்களும் நம்மிடையே உள்ளனர் என்பதே சிக்கல்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2007 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆரோக்கியமான வயது வந்தவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ நிறையுடைய ஒருவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். காலையில் கால் இறாத்தல் பாணும் பருப்புக் கறியும் உண்பவருக்கு 16 கிராம் வரை கிடைக்கின்றது. மதியச் சோற்றில் 8 கிராம், அதனோடு சேரும் 75 கிராம் மீனில் 15 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் இரவில் இடியப்பத்துடன் ஒரு முட்டையும் சேர்ந்தால் கணக்கு ஐம்பதைத் தாண்டிவிடுகின்றது. மீனும் முட்டையும் உண்ணாத சைவர்களும் பயறு, கௌப்பி, உழுந்து, சோயா, தயிர் என்பவற்றால் இதனை எட்டலாம். அரிசியில் குறைவாகவுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைந்த மெதியோனினை அரிசி ஈடுசெய்கின்றது. சோறும் பருப்பும் என்ற நமது பழைய கூட்டு விஞ்ஞானத்துக்கும் உடன்பாடானதே.

புரதப் பற்றாக்குறை பற்றிய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் பணியாற்றிய வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், குழந்தைகளைப் பீடித்த குவாஷியோர்க்கர் என்ற வீக்க நோயைப் பற்றி எழுதினார். பின்னர் இது புரதக் குறைவின் விளைவு எனப் பரவலாகக் கொள்ளப்பட்டு, 1968 இல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கையொன்று உலகப் புரத நெருக்கடி குறித்தே எச்சரித்தது. 1974 இல் டொனால்ட் மக்லாரன் 'லான்செட்' சஞ்சிகையில் இதனைப் பெரும் படுதோல்வி என வர்ணித்தார். ஏழைக் குழந்தைகளுக்குக் குறைவாக இருந்தது புரதம் மட்டுமல்ல, உணவே என்பது அவரது வாதம். வயிறு நிறையாத உடல், உண்ணும் புரதத்தையும் சக்திக்காக எரித்துவிடும். நமது நாட்டில் 1973 இல் தொடங்கிய திரிபோஷ, சோளத்தையும் சோயாவையும் கலந்து சக்தியையும் புரதத்தையும் ஒன்றாக வழங்குவதால் இவ்வகையில் பொருத்தமானதே. 2022 நெருக்கடியில் மீனும் முட்டையும் எட்டாத விலைக்குச் சென்றபோது பல வீடுகளில் வெறும் சோறே எஞ்சியது. அத்தகைய குடும்பமொன்று, விளம்பரத்தை நம்பிப் பிள்ளைக்காக விலையுயர்ந்த மாப்பேணி வாங்குவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. அதே பணத்துக்குப் பருப்பும் நெத்தலிக் கருவாடும் முட்டையும் வாங்கினால் வீட்டார் அனைவருக்குமே புரதம் கிடைக்கும்.

பேணியின் முகப்பில் உள்ள இலக்கத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கெல்டால் 1883 இல் அறிமுகப்படுத்திய முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குகின்றது. ஆகவே மலிவான நைதரசன் பொருளொன்றைக் கலந்தால் புரதம் கூடியதுபோல் தோன்றும். 2008 இல் சீனாவில் குழந்தைப் பால்மாவில் மெலமைன் கலக்கப்பட்டது இந்த ஓட்டையைப் பயன்படுத்தியே. அதனால் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தனர். புரதமாவில் கிளைசின், டோரின் போன்ற மலிவான பொருட்களைச் சேர்ப்பதும் இதே தந்திரந்தான். பாற்கட்டி தயாரிக்கும்போது பிரியும் நீரிலிருந்து பெறப்படுவது வே புரதம். பாலை உறைய வைக்கும் நொதியம் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படலாம், நுண்ணுயிர்களிலிருந்தும் பெறப்படலாம். எனவே ஹலால் பேணும் முஸ்லிம்களும் சைவ உணவினரும் சான்றிதழைப் பார்த்தே வாங்க வேண்டியுள்ளது.

மேலதிகப் புரதம் உடலில் தசையாகச் சேமிக்கப்படுவதில்லை. அதன் நைதரசன் ஈரலில் யூரியாவாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. ஆரோக்கியமான சிறுநீரகம் இச்சுமையைத் தாங்கும். பழுதடைந்த சிறுநீரகத்துக்கு அது கூடுதல் பாரம். நீண்டகாலச் சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியுள்ளது. நீரிழிவினாலும் உயர் இரத்த அழுத்தத்தினாலும் சிறுநீரகம் மெல்லப் பழுதாவதை அறியாதோர் ஏராளம். இவர்கள் வைத்தியரைக் கேளாமல் புரதமா உட்கொள்வது ஆபத்தானது.

எடை தூக்கிப் பயிற்சி செய்வோருக்குத் தேவை அதிகந்தான். எனினும் 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான பகுப்பாய்வு, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உட்கொள்வதால் தசை வளர்ச்சியில் மேலதிகப் பலன் தென்படவில்லை எனக் கண்டது. இதனையும் உணவினாலேயே பெறலாம். மா வசதிக்கானது மட்டுமே. உண்மையான தேவை உள்ளோர் வேறு: தீக்காயமுற்றோர், புற்றுநோய் சிகிச்சையால் மெலிந்தோர், மென்று உண்ண இயலாத முதியோர். முதியோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என 2013 இல் நிபுணர் குழுவொன்று பரிந்துரைத்தது. நமது வீடுகளிலோ அவர்களுக்குக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் மட்டுமே வழங்கப்படுகின்றன. புரதம் அந்தத் தெளிந்த நீரில் அல்ல, அடியில் தங்கும் பருப்பிலேயே உள்ளது. அதனை நன்கு மசித்துக் கொடுக்கலாம். அவித்த முட்டையையோ முள் நீக்கிய மீனையோ கஞ்சியில் கலக்கலாம். அதுவும் இறங்காதபோதுதான் வைத்தியரின் ஆலோசனையுடன் புரதமாவுக்கு இடமுண்டு.