கொதித்த வேனும் ஒரு பழைய கோப்பும்

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய வேன் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் பையன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். "தம்பி, தொடாதே! அரை மணி நேரம் ஆறட்டும்" என்று கத்தினேன். கையை எடுத்துவிட்டான். முறைத்தான், ஆனாலும் எடுத்துவிட்டான்.

எழுதிப் பிழைத்தவனுக்கு ரேடியேட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

எஞ்சினில் எரிகிற எண்ணெயின் சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதியில் கொஞ்சம் புகையோடு போகும். கொஞ்சத்தை நாமே வெளியேற்ற வேண்டும், இல்லையேல் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு 100 கி.மீ.க்கு மேல் அந்த வண்டியை ஓட்டிப் போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வழிநெடுகத் தண்ணீர் தேடி ஊற்றிக்கொண்டே போனதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் டெய்ம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மைபாக். 1900இன் கடைசியில் வந்த மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். 8,070 சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்று, அவற்றைச் சுற்றித் தண்ணீர். கொஞ்சம் தண்ணீரே சுற்றிச் சுற்றி வந்து வேலையை முடித்தது. பிறகு வந்த அழுத்த மூடியும் பெரிய விஷயம். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. அப்படி அடங்கி இருக்கிற தண்ணீர், மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். நான் கத்தியது அதனால்தான்.

நம் பக்கம் வேன் என்றால் ஒரு காலத்தில் மெட்டடார்தான். எந்தக் கம்பெனி வேன் வந்தாலும் "மெட்டடார் வந்திருக்கு" என்போம். அந்தப் பெயர் ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் இருந்த டெம்போ கம்பெனியுடையது. 1949இல் அவர்கள் செய்த முதல் மெட்டடாரில் இருந்தது ஃபோக்ஸ்வேகன் எஞ்சின். தண்ணீரே வேண்டாம், காற்றால் குளிர்வது. அடுத்த வருடமே ஃபோக்ஸ்வேகன் சொந்தமாக வேன் செய்யத் தொடங்கியது. பிறகு எஞ்சின் தருவதையும் நிறுத்திவிட்டது. மெட்டடார் தண்ணீர் எஞ்சினுக்கு மாறியது. முப்பது வருடம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், ஃபோக்ஸ்வேகன் வேனும் தண்ணீருக்கே வந்து சேர்ந்தது. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் நீளக் குழாய்கள். அதற்குள் காற்று மாட்டிக்கொண்டால் வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

இனி என் கதை. 1986 மே மாதம், அக்னி நட்சத்திரம். எங்கள் அலுவலக வேன் சென்னைக்குப் போய்த் திரும்பும்போது திண்டிவனத்துக்கு அருகில் கொதித்து நின்றுவிட்டது. எஞ்சின் ஹெட் விரிசல். கவனக்குறைவு என்று ஓட்டுநருக்கு மெமோ போனது. பழுதுச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று குறிப்பு எழுதும்படி என்னிடம் கோப்பு வந்தது. அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். பிடித்தம் தொடங்கினால் வீட்டில் அடுப்பு எரியாது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். வாய் நிறையப் பிரெஞ்சும் தமிழும் கலந்து வரும். பள்ளியில் நான் படித்த பிரெஞ்சுக்கு அவர்தான் பேச்சுத்துணை. அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் ஓட்டுநரிடம் பேசினார். "எப்போ சூடாகும்னு சொல்லுப்பா. ஊருக்குள்ள நின்னு நின்னு போறப்பவா, ரோட்டுல வேகமா போறப்பவா?"

"ஊருக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. ரோட்டுல ஏத்தினா முள்ளு மேல போயிடும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நின்னா சூடாகி ஓடினா ஆறுச்சுன்னா ஃபேனையும் பெல்ட்டையும் பாக்கணும். ஓட ஓட சூடாச்சுன்னா தண்ணி ஓட்டத்தைப் பாக்கணும். ஒழுகாமலே தண்ணி குறையுது, ரேடியேட்டர்ல குமிழி வருது, ஆயில் டீ மாதிரி கலங்கிப் போச்சுன்னா ஹெட் கேஸ்கெட். நோவு எப்போன்னு கேட்டாதான் எங்கேன்னு தெரியும்."

ரேடியேட்டரைக் கழற்றி மேலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கீழே சிறுபிள்ளை மூத்திரம் போல வந்தது. வருடக்கணக்காக ஊற்றிய உப்புக் கிணற்றுத் தண்ணீர் உள்ளே வெள்ளையாகப் படிந்து பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. பிறகு எஞ்சினிலிருந்து ஹோஸ் புறப்படுகிற இடத்தைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"கலோர்ஸ்தா எங்கே?" என்றார்.

நாம் தெர்மோஸ்டாட் என்பதைத்தான் பிரான்சில் அப்படிச் சொல்வார்கள். அதுவும் மெட்டடாரைப் போல ஒரு கம்பெனிப் பெயர் பொதுப்பெயரானதுதான். அதன் உள்ளே கொஞ்சம் மெழுகு இருக்கும். தண்ணீர் எண்பது டிகிரிக்கு மேல் போனால் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க, கயிற்றில் கட்டிக் கொதிக்கிற பாத்திரத்தில் தொங்கவிட்டால் போதும். கெட்டுப்போனால் நம் பட்டறைகளில் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு சார்?" என்பார்கள். ஆனால் இந்த வகை எஞ்சினில் அதற்கு இரண்டு கதவு. சூடானதும் ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும், இன்னொன்று குறுக்கு வழியை அடைக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சுட்ட தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிரட்டும் என்று செய்ததே சூட்டைக் கூட்டியிருக்கிறது.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பழைய கோப்புகளைத் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டறைப் பில் கிடைத்தது. அதில் ஒரு வரி: தெர்மோஸ்டாட் எடுத்தது. புதியது போட்டதற்கு வரி இல்லை. பில்லைச் சரிபார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் என் சுருக்கொப்பம். அதே கோப்பில், அந்த வருடம் பிப்ரவரியில் ஓட்டுநர் கொடுத்த விண்ணப்பமும் இருந்தது. வண்டி சூடாகிறது, ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அதன் கீழே, "நிதி இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்." அதுவும் என் கையெழுத்துதான்.

பில்லுக்கும் விண்ணப்பத்துக்கும் கொடி வைத்து, தவறு ஓட்டுநருடையது அல்ல என்று குறிப்பு எழுதினேன். பிடித்தம் கைவிடப்பட்டது. அவருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். தவறு யாருடையது என்று குறிப்பில் நான் எழுதவில்லை, மேலே யாரும் கேட்கவும் இல்லை.

ஓய்வு பெற்ற அன்று அந்த ஓட்டுநர் என் மேசைக்கு வந்து, "அந்தப் பில்லைத் தேடி எடுத்தீங்களே சார், என் புள்ளைங்க சோறு தின்னது அதனாலதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

தெருமுனைப் பையனிடம் வண்டி ஆறியதும் கேட்டேன், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று. "அதையெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு தாத்தா" என்றான். உட்கார வைத்து, அந்த இரண்டு கதவுகளையும் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டி அனுப்பினேன்.