மலாயாத் தோட்டப்புறத் தமிழரும் நாளிதழ்களும்

ஒரு சமூகத்தினர் தம் பொது நலன் குறித்துப் பேசிப் பகிர்ந்து அடையும் கூட்டு நிலைப்பாடு பொதுக்கருத்து எனப்படும். மலாக்கா மாநிலம் முதலான மலாயாப் பகுதிகளின் ரப்பர் தோட்டத் தமிழரிடையே அதனை வளர்த்தவற்றுள் கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய இதழ்கள் தலையாயவை. எழுத்தறிந்தோர் குறைவாயிருந்த காலத்தில், தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தரோ வாசித்துச் சொன்னதே பலருக்குச் செய்தியாயிற்று. ஊடகச் செய்தி இவ்வாறு கருத்துத் தலைவர் வழியாக மக்களை அடைவதனை, எலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட நூலில் இருபடிப் பரவல் என்னும் கோட்பாடாக விரித்துரைத்தனர்.

பொதுக்கருத்தை வளர்க்கும் இதழ்களின் ஆற்றலுக்கு உயர்ந்த சான்று, 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்குரிய இடத்தை உறுதிப்படுத்த ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி இயக்கமாகும். பல்கலைக்கழக வாசலையே காணாத தொழிலாளரும் தம் கூலியிலிருந்து அதற்கு ஈந்தது, செய்தித்தாள் ஒன்று வாசகரை ஒரு குறிக்கோளுக்கு உரியவராக்க வல்லது என்பதை ஐயமற நிறுவியது.

பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் இணையமும் செய்தியை நேரடியாக வீடுகளுக்குள் கொண்டுவந்தன. ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி இறுதியில் நின்றுபோனது மலேசியத் தமிழ்ப் பொதுவாழ்வுக்கு நேர்ந்த பேரிழப்பாகும். ‘தமிழ் முரசு’ சிங்கப்பூரில் தொடர்ந்து வெளிவருகிறது.