முடியுரு நாடி நோயும் தடுப்பு மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

மாரடைப்பால் ஒருவர் இறந்தவிடத்து, “விதி முடிந்தது” என்று கூறி அமைவது நம்மவர் வழக்கம். விதியின் செயலெனக் கருதப்பட்ட இந்நோய்க்குக் காரணங்கள் உள, அவற்றுட் பல தடுக்கத்தக்கன என மருத்துவ உலகம் தெளிந்தது அண்மைக்காலத்திலேயே ஆகும்.

இருதயத் தசைக்குக் குருதியூட்டும் முடியுரு நாடிகளிற் கொழுப்புப் படிந்து வழி குறுகுதலே இந்நோய். இதனால் எழும் நெஞ்சு நோவை ஆங்கில மருத்துவர் ஹெபர்டன் 1768 இல் விளக்கினார். எனினும், யாருக்கு இது வரும் என்னும் வினாவுக்கு விடை தேடியது, 1948 இல் அமெரிக்காவின் பிராமிங்காம் நகரில் 5209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வேயாம். நலமாயிருந்தோரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய அவ்வாய்வாளர், உயர்ந்த குருதியமுக்கமும் மிகுந்த கொலஸ்ரரோலும் நோய்க்கு முன்னோடிகள் என 1961 இல் வெளியிட்டனர். ‘ஆபத்துக் காரணி’ என்னும் கருத்து மருத்துவத்தில் வேரூன்றியது இதன் பின்னரே.

இவ்வரலாற்றிலே தமிழர்க்கும் ஓரிடம் உண்டு. பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியான தனராஜ், தம் துணைவரோடு சிங்கப்பூரின் பிரேத பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்தார். தென்னிந்தியரே பெரும்பான்மையினராயிருந்த அந்நகர இந்தியரிடையே இந்நோய் சீனரிற் காணப்பட்டதிலும் பன்மடங்கு மிகுந்திருந்ததை 1959 இல் அவர் எடுத்துக் காட்டினார். கேரளத்திற் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நிகழ்ந்து 2004 இல் வெளியான ஆய்வு, புகைத்தல், நீரிழிவு, குருதியமுக்கம், குருதிக் கொழுப்பு, வயிற்றுப் பருமன் முதலான ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் பெரும்பகுதிக்குப் பொறுப்பென நிறுவியது. இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாட்டினர்க்கு அது சராசரி 53 வயதிலும், ஏனையோர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்ததென அதன் தரவுகள் 2007 இற் காட்டின. குடும்பத்தைத் தாங்கும் பருவத்திலேயே நம்மவரை இந்நோய் தாக்குகின்றது என்பதே இதன் பொருள்.

நோயுற்றோரை மீண்டும் அது தாக்காது காத்தல் எங்ஙனம்? மாரடைப்பு நேர்ந்தவுடன் கொடுக்கப்படும் அஸ்பிரின் உயிர் காக்கும் என 1988 இல் ஒரு பேராய்வு காட்டிற்று. கொலஸ்ரரோல் மிகுந்த 4444 இருதய நோயாளரைக் கொண்டு ஸ்கந்திநேவிய நாடுகளில் நடந்த ஆய்வில், சிம்வஸ்ரற்றின் மாத்திரை உண்டோரின் மரண ஆபத்து நூற்றுக்கு 30 பங்கு குறைந்தமை 1994 இல் வெளியாயிற்று. ஆயின் நோயில்லாதார் தாமாகவே அஸ்பிரின் உண்பது குருதிக்கசிவுக்கு ஏதுவாகலாம். மருத்துவர் சொற்படியே அதனைக் கொள்ளல் வேண்டும்.

மருந்து கண்டமையால் மட்டும் இடர் தீர்ந்திலது. 17 நாடுகளில் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தியா உள்ளடங்கிய வறிய நாடுகளின் தொகுதியில், மாரடைப்போ பக்கவாதமோ முன்னர் உற்றோருள் நூற்றுக்கு 80 பேர் தடுப்பு மருந்துகளில் ஒன்றையேனும் உட்கொள்ளவில்லை. மருந்து கிட்டாமையும், நோவு தணிந்ததும் மாத்திரையைக் கைவிடுதலும் ஆபத்தை மீள அழைப்பனவாம்.

இவ்விடரைக் குறைக்க ஒரு வழியைப் பேலியகொடைக்கு அணித்தாயுள்ள களனிப் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட ஆய்வு காட்டியது. இலங்கையின் 11 நகர வைத்தியசாலைகளில் 700 பேரை ஆராய்ந்து 2018 இல் வெளியிடப்பட்ட அதில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவிற் கூட்டிய ஒரே மாத்திரையை உண்டோருள் நூற்றுக்கு 70 பேர் ஆறு மாதத்தில் உரிய குருதியமுக்கத்தை எய்தினர். வழமையான சிகிச்சை பெற்றோருள் 55 பேரே அதனை எய்தினர்.

எனவே, தந்தைக்கு மாரடைப்பு வந்த வீட்டின் மைந்தன் விதியை நோவதை விடுத்துத் தன் குருதியமுக்கத்தை அளந்தறிதலும், தந்தையின் மாத்திரை தவறாது காத்தலும் கடனாகக் கொள்க.