மகள் எழுதி வைத்த தந்தை

1900ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. நூலின் நாயகர் காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டன். முந்தைய ஆண்டு ஜூலை 24ஆம் நாள், 96 வயது நிறைந்து காலமானவர். எழுதியவர் அவருடைய மகள் எலிசபெத். கடற்படைத் தளபதி ஜேம்ஸ் ஹோப்பை மணந்து ‘லேடி ஹோப்’ ஆனவர். அணைகளைப் பற்றிய அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். அணை கட்டியவர் வீட்டில் எப்படி இருந்தார், எதற்கு ஏங்கினார் என்பதைச் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். காட்டனுக்கு அந்தப் பேறு வாய்த்தது.

இந்த மகளின் எழுத்தை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். டார்வினை அவருடைய கடைசிக் காலத்தில் கண்டு பேசியதாகவும், அவர் பக்தியின் பக்கம் திரும்பியிருந்ததாகவும் பிற்காலத்தில் இவர் சொன்ன செய்தியை டார்வினின் பிள்ளைகள் உறுதியாக மறுத்தார்கள். தந்தையைப் பற்றிய நூலிலும் பக்தி கரைபுரளும். அந்தப் பெருக்கு வடிந்த பிறகும் நூலில் தங்குகிற வண்டல் வளமானது.

காட்டன் 1803 மே 15இல் பிறந்தார். தம் பெற்றோருக்குப் பத்தாவது மகன். தம்பி பிரெடரிக்கும் பின்னாளில் சென்னைப் பொறியாளர் படைக்கே வந்து சேர்ந்தார். அண்ணன் 16 வயதில் அப்படையில் சேர்ந்து 1821இல் சென்னைக்கு வந்து இறங்கினார். பாம்பன் கால்வாயை அளந்தார், பர்மா போருக்குப் போனார். பிறகு காவிரிக்கு வந்தார். அவருடைய உண்மையான கல்வி தொடங்கியது இங்கேதான் என்பது என் துணிபு.

அந்நாளில் தஞ்சை நாடு நீரின்றி மெலிந்து கொண்டிருந்தது. திருவரங்கத் தீவின் மேல்முனையில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் நேராக, சரிவாக ஓடுவது. காவிரியோ வளைந்து மெல்ல நடப்பது. சரிவு கண்ட இடத்துக்கு நீர் ஓடும். ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடத்தின் பங்கு கூடியது. காவிரி மணலேறித் தூர்ந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆட்களை இறக்கித் தூர்வாரிப் பார்த்தார்கள். ஆற்றோடு அப்படிப் போட்டியிட்டு வெல்ல முடியாது.

காட்டன் சொன்ன தீர்வு, ஆறு பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஏறத்தாழ ஆளுயரச் சுவர் ஒன்று. வெள்ளம் வந்தால் மேலே வழிந்து போகட்டும். வெள்ளம் இல்லாத நாளில் நீர் காவிரிக்குத் திரும்பட்டும். 1836இல் மேலணை எழுந்தது. அதே ஆண்டில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், இன்று நாம் அணைக்கரை என்று சொல்லும் இடத்தில், கீழணையும் எழுந்தது. வீராணம் ஏரிக்கு வடவாறு நீர் கொண்டுபோவது இந்தக் கீழணையிலிருந்துதான். சென்னைக் குழாய்களில் வீராணத்துத் தண்ணீர் வருகிற நாளில் இதை நினைத்துக்கொள்கிறேன். எல்லாம் முதல் தடவையிலேயே சரியாகிவிடவில்லை. மேலணைக்குப் பின் காவிரிக்கு நீர் மிஞ்சி, அதன் தலைப்பிலும் படுகையில் சுவர் வைத்துக் கட்டுப்படுத்த நேர்ந்தது.

மேலணைச் சுவர் எதன்மேல் நின்றது? கொள்ளிடத்தில் தோண்டத் தோண்ட மணல்தான். பாறைவரை போய்த்தான் கட்டுவது என்றால் வேலையே தொடங்கியிருக்காது. இங்கே ஒரு கணக்கு வழக்கைச் சரியாகத் தீர்த்துவிட வேண்டும். திருவரங்கத் தீவின் கீழ்முனையில், கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை இருந்தது. மணற்போக்கிகள் அமைப்பதற்காக அதைத் திறந்தபோது உள்ளே தெரிந்தது களிமண்ணில் பதிந்த கரடுமுரடான கற்குவியல். மேலே ஒரு காரைப்பூச்சு. அடியில் பாறை இல்லை. கல்லைப் போட்டால் அது மணலில் அமிழும். அமிழ்ந்ததன்மேல் மீண்டும் போட, ஒரு கட்டத்தில் அமிழ்வது நின்றுவிடும். நம்மவர்களுக்குத் தெரிந்த இன்னொரு முறையும் உண்டு. மணல்மேல் செங்கல் கிணறு கட்டி, உள்ளிருந்து மணலை வாரி எடுத்தால் கிணறு தன் பாரத்தால் தானே இறங்கும். இறங்கியதும் உள்ளே நிரப்பிவிட்டால் மேலே சுவர் எழுப்பலாம். கொள்ளிடத்து அணை இப்படி இறக்கிய கிணறுகளின்மேல்தான் நின்றது.

ஆழம் அளக்க முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றோம்; அது தெரியாமல் போயிருந்தால் எங்கள் பாசன வேலைகள் இலாபமாயிரா, நட்டத்தில்தான் முடிந்திருக்கும் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆட்சியாளர் இனத்தைச் சேர்ந்த ஒருவர், 19ஆம் நூற்றாண்டில், யாரும் கேளாமலே கொடுத்த ஒப்புதல் அது. அவர்மேல் எனக்கு மதிப்பு வந்ததே அந்த வரிகளால்தான்.

உடல்நலம் அவரைப் பலமுறை ஊரைவிட்டு விரட்டியது. 1841இல், 38ஆம் வயதில், டாஸ்மேனியாவில் எலிசபெத் லியர்மந்தை மணந்தார். மறு ஆண்டு அங்கேயே மகள் பிறந்தாள். தாயின் பெயரே மகளுக்கும். பிறகு கோதாவரி. பஞ்சத்தில் அடிபட்ட அந்தக் கழிமுகத்துக்காகத் தவளேசுவரத்தில் 1847இல் வேலை தொடங்கியது. தீவுகளுக்கு இடையே நான்கு துண்டுகளாக நீளும் அணை. அடுத்த ஆண்டே வெயில் அவரைச் சாய்த்தது. ஓய்வுக்கு ஆஸ்திரேலியா போகவேண்டியதாயிற்று. வேலையைச் சுமந்தவர் சார்லஸ் ஓர் என்ற கேப்டன். 1852இல் அணை முடிந்தபோது மகளுக்குப் பத்து வயது நிரம்பவில்லை. அணைக்கட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கை எங்கும் ஒன்றுதான்: அப்பா என்றால் வரைபடம், காய்ச்சல், வெள்ளச் செய்தி. ஆந்திர மக்கள் காட்டனை இன்றும் பகீரதனோடு ஒப்பிடுகிறார்கள். தவளேசுவரத்தில் அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது.

அவர் தோற்ற இடத்தையும் சொல்லியாக வேண்டும். கர்நூல்–கடப்பா கால்வாய் அவருடைய துங்கபத்திரைத் திட்டத்திலிருந்து கிளைத்தது. தனியார் கம்பெனி எடுத்து நடத்தி, செலவு ஏறி, வருவாய் வராமல், 1882இல் அரசே வாங்கிக்கொண்டது. டெல்டாவில் பலித்த கணக்கு மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. தம் இலாபக் கணக்குகளில் அவர் மிகை செய்தார் என்ற குறையில் நியாயம் உண்டு. இரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள், பயிரும் விளையும், படகும் ஓடும் என்று ஓயாமல் வாதாடினார். 1876–78 பெரும்பஞ்சம் தென்னாட்டை விழுங்கிய பின், 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்துத் துருவித் துருவிக் கேட்டது. அப்போது அவருக்கு 75 வயது. குழு இரயிலின் பக்கமே சாய்ந்திருந்தது.

கடைசிக் காலம் சர்ரே மாவட்டத்து டார்க்கிங் ஊரில் கழிந்தது. அங்கே மகள், உழைப்பாளிகளைச் சாராயக் கடையிலிருந்து மீட்கக் காப்பிக் கடை நடத்தினாள். அதைப் பற்றி 1876இல் அவள் எழுதிய நூலுக்கு அப்பாதான் முன்னுரை. அதே ஆண்டில் அவரே ஓர் அரபுப் பாலபாடம் வெளியிட்டார்: 180 சிறு வாக்கியங்கள். எழுபதைத் தாண்டியவர் பிறருக்கு மொழி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்! பிறகு தோட்டத்தில் ஆழமாகக் கொத்திக் கோதுமை விளைத்துப் பார்த்தார். ஆற்றை விட்டு வந்தவர் மண்ணை விடவில்லை.

மகளின் நூலை மூடும்போதெல்லாம் எனக்கு அந்த அணை வேலையாட்கள் நினைவுக்கு வருகிறார்கள். கொள்ளிடத்து மணலில் கிணறு இறக்கிய கொத்தனார்கள், கல் சுமந்த பெண்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. மாலையில் சேறோடு வீடு திரும்பிய அப்பாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த மகள் இருந்திருப்பாள். எழுதி வைக்கத்தான் அவளுக்கு வழியில்லை. அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வாயில் புழங்கிய ‘அணைக்கட்டு’ என்ற சொல் மட்டும் ‘அனிகட்’ என்று திரிந்து, காட்டனின் அறிக்கைகளிலும் அவர் மகளின் நூலிலும் மீண்டும் மீண்டும் வருகிறது.