அட்ரீனல் சுரப்பியின் தீங்கற்ற கட்டிகளுக்கான சிகிச்சை

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. வயிற்றுவலிக்கோ சிறுநீரகக் கல்லுக்கோ சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுபவையே அதிகம். அறுவை வேண்டுமா என்பதை முடிவு செய்யும் முதல் கேள்வி, கட்டி ஹார்மோனை மிகையாகச் சுரக்கிறதா என்பது. இரவில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலையில் கார்டிசால் அளவைப் பார்ப்பது, கார்டிசால் மிகையைக் கண்டறியும் அடிப்படைச் சோதனை.

எதையும் மிகையாகச் சுரக்காத, ஸ்கேனில் சீராகவும் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மிகாமலும் தெரியும் கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. பயந்துபோய் அறுவைக்கு அவசரப்படுவது வீண் ஆபத்து.

ஆல்டோஸ்டீரோன் சுரக்கும் கட்டியை ஜெரோம் கான் 1955-இல் விவரித்தார். இதனால் ரத்த அழுத்தம் கூடும். பலருக்குப் பொட்டாசியமும் குறையும். மிகைச் சுரப்பு எந்தப் பக்கம் என்பதை ஸ்கேன் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பலருக்கு அட்ரீனல் சிரைகளிலிருந்தே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் என்றால் அந்தச் சுரப்பியை அகற்றலாம். இரு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள்.

மிகுந்த முன்னேற்பாடு தேவைப்படுவது, அட்ரீனலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டியான பியோகுரோமோசைட்டோமா. அறுவையின்போது கட்டியைத் தொட்டாலே அவை பீறிட்டு ரத்த அழுத்தம் எகிறக்கூடும். அதனால் 7 முதல் 14 நாள் முன்பே பினாக்ஸிபென்சமின், பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்துகளைத் தொடங்கி, உப்பும் நீரும் தாராளமாகக் கொடுப்பார்கள். படபடப்புக்கென்று பீட்டா தடுப்பு மருந்தை முதலில் கொடுத்துவிடக் கூடாது. ரத்தக் குழாய்கள் மேலும் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஹார்மோன் அளவைச் சோதித்துப் பார்க்காமல் கட்டியிலிருந்து ஊசியால் திசு எடுப்பதும் அப்படியே ஆபத்தானது. பியோகுரோமோசைட்டோமாவைத் தீங்கற்றது என்று உறுதியாக வகைப்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் இப்போது கைவிட்டுவிட்டது; அறுவைக்குப் பின்னும் நீண்டகாலக் கண்காணிப்பும், மரபணுச் சோதனையும் அவசியம்.

சுரப்பியை அகற்ற, கனடாவின் மிஷேல் கானியே 1992-இல் அறிவித்த லேப்ராஸ்கோப்பி முறையே இன்று வழக்கம். முதுகுப்புறமாக நுழையும் முறையும் உண்டு. மிகப் பெரியதோ புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளதோ எனில் வயிற்றைத் திறந்து செய்வதே பாதுகாப்பு.

ஒரு சுரப்பியை எடுத்தாலும் மற்றது உடலுக்குப் போதும். கார்டிசாலை மிகையாகச் சுரக்கும் கட்டியில் மட்டும் அந்த மற்றச் சுரப்பி உறங்கிக் கிடந்திருக்கும். அது விழிக்கும்வரை, சில மாதங்களோ அதற்கும் மேலோ, ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எடுக்க வேண்டும். அதைத் தானாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலின்போது மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டவும் வேண்டும்.