முதலும் மொடாலும்

ஆங்கிலத்தில் 'கேப்பிட்டல்' என்பது பெருவழக்கான ஒரு சொல். நாட்டின் தலைநகர், வணிகத்தில் இடும் பணம், நெடுங்கணக்கின் பெரிய எழுத்து, உயிர் போக்கும் தண்டனை, தூணின் தலைப்பகுதி ஆகிய ஐம்பொருளையும் அச்சொல் உணர்த்தும். 'தலை' எனப் பொருள்படும் 'காபுட்' என்னும் இலத்தீன் சொல்லே இவை அனைத்திற்கும் அடி. இவ்வைந்தையும் இந்தோனேசிய மொழி எவ்வாறு வழங்குகின்றது என ஆராயுங்கால், அவற்றுள் ஒன்று தமிழரின் கடல் வணிகத்திற்குச் சான்றாய் நிற்றல் புலனாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து பொருளும் ஐந்து சொல்லும்

இந்தோனேசிய மொழி மலாயை அடிப்படையாகக் கொண்டது. 1928-இல் இளைஞர் மாநாடு அதனை ஒற்றுமை மொழியாக ஏற்றது. 1945-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரசு மொழியாக்கிற்று. ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கிய ஐம்பொருளையும் அம்மொழி வெவ்வேறு சொற்களாற் கூறும்.

தலைநகரை 'இபு கோத்தா' என்பர். இபு தாய், கோத்தா நகர். நாம் தலையாகக் கண்டதை அவர் தாயாகக் கண்டனர். நுசந்தாரா என்னும் புதிய தலைநகருக்கு வழிவகுத்த 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் இத்தொடரே இடம்பெற்றது. கோத்தா என்பது அரணையும் குறிக்கும். நம் கோட்டை என்னும் சொல்லோடு உறவுடையது. பெரிய எழுத்து 'ஹுருப் பெசார்' ஆகும். ஹுருப் அரபுச் சொல். மரண தண்டனை 'ஹுக்குமான் மாத்தி'. இதன் முற்பகுதியும் அரபு வழியினதே. தூணின் தலைப்பகுதி 'கெப்பாலா தியாங்'. கெப்பாலா என்பது கபாலம் என்னும் வடசொல்லின் திரிபு. வணிகத்தில் இடும் பணமோ 'மொடால்'. இது நம் 'முதல்' என்னும் சொல்லேயாம்.

எழுத்தும் சட்டமும் அரபு வழியாகவும், தலையைக் குறிக்கும் சொல் வடமொழி வழியாகவும் புகுந்த அம்மொழியில், வணிகத்தின் அடிப்படைச் சொல் தமிழ் வழியாகப் புகுந்துள்ளமை கருதத்தக்கது. இச்சொல் தனித்து வந்ததன்று. கப்பல் 'காப்பால்' எனவும், கடை 'கெடாய்' எனவும், பெட்டி 'பெத்தி' எனவும், கூலி 'கூலி' எனவும் அங்கு வழங்கும். மலாயிலுள்ள தமிழ்க் கூறு பற்றி டச்சு அறிஞர் வான் ரோங்கல் 1902-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வரைந்தனர்.

ஏட்டு வழக்கா, பேச்சு வழக்கா?

இச்சொல் நூல் வழியாகச் சென்றதா, வாய்மொழியாகச் சென்றதா என்பது அடுத்த வினா. விடையைச் சொல்லின் ஒலியே தருகின்றது. எழுத்து வழக்கில் 'முதல்' என உகரம் பெற்ற சொல், அங்கு ஒகரம் பெற்று 'மொடால்' ஆயிற்று. குளம் என்பதும் அவ்வாறே 'கோலாம்' ஆயிற்று. தமிழ்ப் பேச்சு வழக்கில் அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்து முதலசையின் உகரம் ஒகரமாதல் இயல்பு. குடம் கொடமாகும், உடம்பு ஒடம்பாகும். சென்னைக்கு மேற்கே, திருநின்றவூரை அடுத்த வேப்பம்பட்டில் கடை வைத்திருப்போர் வாயிலும் 'மொதல்', 'கொளம்' என்பனவே இன்றும் வழங்குகின்றன. கூலி என்பதன் நெடிலுக்கு இத்திரிபு இல்லை; அங்கும் அது திரியவில்லை. ஆகவே, இச்சொற்களைக் கொண்டு சென்றோர் வணிகரும் மாலுமிகளுமேயன்றி நூலோர் அல்லர் எனத் துணியலாம்.

பொருள் வரலாறும் இதனையே வலியுறுத்தும். தமிழில் முதல் என்னும் சொல் அடி, வேர், தொடக்கம், காரணம் எனப் பல பொருள்படும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். வள்ளுவர் உலகின் தொடக்கம் கூறும் தம் முதற்குறளில் இச்சொல்லை ஆண்டார். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், வணிகரின் கைப்பொருள் என்னும் பொருளிலும் ஆண்டார். இப்பல பொருளுள் வணிகப் பொருள் ஒன்றே கடல் கடந்தது. 'ஒன்றாவது' என்னும் பொருளுக்கு இந்தோனேசியர் வழங்கும் 'பெர்த்தாமா', பிரதம என்னும் வடசொல்லின் திரிபு. சந்தையில் வேண்டிய பொருளை மட்டும் சந்தை எடுத்துக்கொண்டது.

இவ்வுறவு ஒரு நாளில் தோன்றியதன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்தாற் புகழ்பெற்ற பாருசுக்கு அண்மையிலுள்ள லோபு துவாவில் 1873-இல் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-ஆம் ஆண்டினதாகிய அக்கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரது. நீலகண்ட சாத்திரியார் 1932-இல் அதனை ஆராய்ந்து எழுதினார். 1511-இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய மலாக்காவிலும் தமிழ் வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். முதல் என்னும் சொல் இன்ன ஆண்டில் சென்றதென இவை கூறா. அது செல்லுதற்குரிய வழி பன்னூற்றாண்டு திறந்திருந்தது என்பதைக் காட்டும்.

வேரும் மலரும்

புக்க இடத்தில் இச்சொல் நன்கு வேரூன்றியது. இட்ட பணம் மீண்டதை 'பாலிக் மொடால்' என்பர். முதல் திரும்பிற்று என்பது பொருள். கைப்பொருளின்றித் தொழில் தொடங்குவோனை 'மொடால் டெங்குல்' உடையான் என நகையாடுவர். அவன் முதல் முழங்காலே என்பது கருத்து. கடனின் முதலை அவர் 'போக்கோக்' என்றும், வட்டியை 'புங்கா' என்றும் கூறுவர். முன்னது மரத்தையும் அடியையும், பின்னது மலரையும் குறிக்கும் சொற்கள். முதலீடு 'பெனானாமான் மொடால்', அதாவது முதலை நடுதல். 1967-ஆம் ஆண்டின் அயல்நாட்டு முதலீட்டுச் சட்டமும் 2007-ஆம் ஆண்டின் முதலீட்டுச் சட்டமும் இத்தொடரையே பெயராகக் கொண்டன. ஐரோப்பியர் செல்வத்தைத் தலையாகக் கருதினர். தமிழரும் மலாயரும் வேராகக் கருதினர். வேர் என்னும் பொருளுடைய தமிழ்ச் சொல்லை நடுதல் என்னும் மலாய் வினை தழுவியது வியப்பன்று.

இந்தோனேசியர் தம் நாட்டுச் சட்டங்களில் ஆளும் இச்சொல்லின் இடத்தில், நாம் பெரும்பாலும் 'மூலதனம்' என எழுதுகின்றோம். முதலாளி, முதலீடு, முதலாளித்துவம் எனக் கிளைகளைத் தமிழாக வைத்துக்கொண்டு அடியை மட்டும் மாற்றுதல் பொருந்துமோ? கலைச்சொல் ஆக்குவோர் பிறமொழி அகராதியைப் புரட்டுமுன் கடைத்தெருவின் வழக்கைக் கேட்டல் வேண்டும். கடல் கடந்து சென்று ஓர் அரசின் சட்டத்துள் இடம்பெற்ற சொல், நம் பாடநூலில் இடம்பெறுதற்கும் தகுதியுடையதே.