உண்டியலும் வட்டமும்: திருப்பதிப் பாதையில் காசு மாற்றிய கதை

தமிழில் உண்டியல் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று கோயில் உண்டியல். இன்னொன்று, வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கும் இலங்கை நண்பர்களுக்கும் சொல்லவே வேண்டாம், "உண்டியல்ல அனுப்பியாச்சு" என்பார்களே, அது. இந்த இரண்டாவது உண்டியல் ஒரு காலத்தில் திருட்டு வழி கிடையாது. ஊர் விட்டு ஊர் போகிற வியாபாரி இங்கே ஒரு சாவுகாரிடம் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொள்வான். போன ஊரில் அதைக் காட்டி அந்த ஊர்க் காசாக எண்ணி வாங்குவான். வழியில் திருடனுக்குக் கிடைப்பது ஒரு துண்டுக் காகிதம்தான். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நகரத்தார் ஊருக்குப் பணம் அனுப்பியதும் இப்படித்தான்.

ஊருக்குக் கிளம்பும் சீசன் வந்தால் இங்கே மெல்போர்னில் ஆளாளுக்குக் கேட்கிற கேள்வி ஒன்றே: "டாலரை எங்கே மாத்தினா லாபம்? கையில எவ்வளவு வச்சுக்கலாம்?" அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. நான் சித்தூர்க்காரன். எங்கள் ஊர் வழியாகத் திருப்பதிக்குப் போனவர்கள் பல நூறு வருடமாக இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

(சித்தூர் மாவட்டம் உண்டானது 1911ல். அதற்கு முன் சித்தூரும் திருப்பதியும் வடஆற்காடு ஜில்லா. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் போய்விட்டது. ஆகவே "எங்க மாவட்டம்" என்று இனிமேல் பீற்றிக்கொள்ள முடியாது.)

ஒரு இருநூற்றைம்பது வருடம் பின்னால் போவோம். மதராசிலிருந்து நடந்து வருகிற ஒரு குடும்பம். மடியில் இருப்பது என்ன? பணக்காரர் என்றால் வராகன். சுமார் 3.4 கிராம் எடையுள்ள சின்னத் தங்கக் காசு. அதற்குக் கீழே பணம், அதற்கும் கீழே செம்புக் காசு. மதராஸ் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது வராகனுக்கு 3,360 காசு. இது காகிதக் கணக்கு. இதோடு கூடவே நவாபின் ஆற்காட்டு ரூபாயும் ஓடியது. எந்தக் காசுக்கும் நிலையான விலை கிடையாது. சந்தைக்குச் சந்தை சராபு உட்கார்ந்திருப்பார், தராசும் உரைகல்லும் வைத்துக்கொண்டு. காசை உரசி, நிறுத்து, தேய்மானம் பார்த்து, வேற்றூர்க் காசு என்றால் ஒரு கழிவு பிடிப்பார். அந்தக் கழிவுக்குப் பெயர் வட்டம். விமான நிலையக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நமக்குப் பிடிப்பதும் அதே வட்டம்தான். என்ன, உரைகல் மட்டும் இல்லை.

ஏழைக்குத்தான் இதில் அடி அதிகம். தங்கம் வைத்திருப்பவனுக்கு ஊருக்கு ஒரு தரம் மாற்றினால் போதும். செம்புக் காசோடு நடப்பவன் சத்திரத்துக்குச் சத்திரம் தோற்றுக்கொண்டே போக வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. விஜயநகரத்தின் கடைசிக் காலத்தில், 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதி ராயர், சந்திரகிரியில் இருந்தும் அரசு நடத்தியவர். திருப்பதியிலிருந்து கூப்பிடு தூரம். அவர் அடித்த பொற்காசில் வேங்கடேசப் பெருமாள் நிற்பார். பிறகு 1639ல், சந்திரகிரி அரசருக்குக் கீழிருந்த தாமர்ல நாயக்கர்களிடம் ஆங்கிலேயக் கம்பெனி மதராசில் இடம் வாங்கியது. காசு அடிக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. கம்பெனிக்காரன் அடித்த வராகனில் யார் படம் என்கிறீர்கள்? நடுவில் பெருமாள், இரண்டு பக்கமும் தேவியர். 'மூன்று சாமி வராகன்' என்றே அதற்குப் பெயர். பக்தி எல்லாம் ஒன்றுமில்லை. ராஜா படம் போட்டால் உள்ளூர் வியாபாரி கையில் தொடமாட்டான். தெரிந்த சாமி இருந்தால் வட்டம் குறையும். சுத்தமான வியாபாரம்.

1818ல் மதராஸ் ராஜதானியில் வெள்ளி ரூபாயே இனிமேல் கணக்கு என்று ஆக்கினார்கள். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். அதனால் மட்டும் பயணியின் தொல்லை தீர்ந்ததா? அதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். ஏனுகுல வீராசாமி என்று மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை துபாஷியாக இருந்தவர், 1830 மே மாதம் கிளம்பித் திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர் வழியாகக் காசிக்குப் போய், கல்கத்தா வழியாக 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியில் கண்டதையெல்லாம் தெலுங்கில் எழுதி வைத்தார். 'காசியாத்ர சரித்ர' என்று 1838ல் புத்தகமாக வந்தது. பல்லக்கு, பரிவாரம் என்று போனவர், சிக்கனப் பயணி என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்த எல்லையில் எந்தக் காசு செல்லும், என்ன விலைவாசி என்று கவனித்துக்கொண்டே போகிறார். இந்தியாவைப் பற்றிய பயண நூல்களில் கோயில் வர்ணனையைவிட இந்தக் கணக்குகள்தான் எனக்கு ருசிக்கின்றன. கம்பெனி சீமை முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று வந்தது அவர் திரும்பி நாலு வருடம் கழித்து, 1835ல். அப்போதும் நிஜாம் தனிக் காசு வைத்திருந்தார். ஆறு ரூபாய்க்கு ஏழு ஹாலி சிக்கா என்கிற அந்தக் கணக்கு 1950கள் வரை ஹைதராபாத்தில் உயிரோடு இருந்தது.

சரி, இத்தனை காசும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வருவோம். திருமலைக் கோயிலுக்குள் துணி சுற்றித் தொங்குமே, கொப்பரை என்று அழைக்கப்படும் அந்த உண்டியல். வழியெல்லாம் வட்டம் பிடித்த காசை அங்கே மட்டும் யாரும் உரசிப் பார்ப்பதில்லை. குபேரனிடம் ஒரு கோடியே பதினாலு லட்சம் ராம முத்திரைக் காசு கல்யாணக் கடன் வாங்கியவர் என்பது ஸ்தலக் கதை. அவரும் எந்தக் காசில் திருப்பித் தருகிறாய் என்று கேட்கவில்லை.

ஆனால் எண்ணுகிறவனுக்கு அந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. 1801ல் ஆற்காடு நவாபிடமிருந்து சீமையை எடுத்துக்கொண்ட கம்பெனி 1843 வரை கோயில் வரும்படியைத் தன் ஜில்லா நிர்வாகத்திலேயே வைத்திருந்தது. பிறகு ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள், 1933 முதல் தேவஸ்தானம். யார் கையில் இருந்தாலும் கொட்டுவதைப் பிரித்து, எண்ணி, செல்லும் காசாக்கும் வேலை ஒன்றுதான். அதற்குப் பரகாமணி என்று பெயர். எண்ணுகிறவர்கள் பையில்லாத உடையில் உட்கார்ந்து எண்ணுவார்கள்.

எங்கள் வீட்டில் முடுப்பு என்போம். தெலுங்கு வார்த்தைதான். சித்தூர்த் தமிழில் பாதி அப்படி. வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவது. என் பாட்டியிடம் வருடக்கணக்கில் கிடந்த முடுப்புகள் உண்டு. அதற்குள்ளே அணா இருக்கும். வெளியே உலகம் 1957லேயே நயா பைசாவுக்கு மாறிவிட்டது. மாற்றிப் போடலாமே என்றால், "முடுப்புக் காசுக்கு வட்டம் கிடையாதுடா" என்பாள். வேண்டிக்கொண்டபோது எந்தக் காசோ அதே காசு. 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போனபோது, எத்தனை வீட்டு முடுப்பு அப்படியே மாட்டிக்கொண்டதோ.

நமக்குப் பெரிய அடி 2016 நவம்பர் 8. அடுத்த பயணத்துக்கு ஆட்டோ காசு இருக்கட்டும் என்று 500, 1000 நோட்டுகளை மேஜையறையில் வைத்திருக்காத வெளிநாட்டுக் குடும்பம் உண்டா? 2017 ஜூன் 30 வரை நமக்குத் தவணை கொடுத்தார்கள். ஆனால் சுங்கத்தில் அறிவித்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் ஐந்தே அலுவலகங்களில் ஒன்றுக்கு நேரில் போக வேண்டும். தெற்கே சென்னை ஒன்றுதான். மூவாயிரம் ரூபாய்க்காக யார் டிக்கெட் எடுப்பது? வட்டம் நூற்றுக்கு நூறு!

வெளிநாட்டுச் சில்லறை தனிக் கதை. நாணயங்களை நம்மூர் வங்கியும் வாங்காது, பணம் மாற்றுகிறவரும் வாங்கமாட்டார். நாம் ஜீன்ஸ் பையிலிருந்து எடுத்து உண்டியலில் கொட்டிவிட்டு வருகிறோம். மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிரித்து மூட்டை மூட்டையாகத் தேங்கி, தேவஸ்தானம் அதை ஏலத்துக்கு விட வேண்டியிருந்திருக்கிறது. 2023ல் இன்னொரு செய்தி: உண்டியலில் விழுந்த வெளிநாட்டு நோட்டுகள், இருபது கோடி ரூபாய்க்கு மேல், அந்நிய நன்கொடைச் சட்டச் சிக்கலில் வரவு வைக்கப்படாமல் கிடந்தன. சட்டம் போட்டவர் பெயரைக் கேட்கிறது. உண்டியலில் பெயர் ஏது?

ஆகவே என் கட்சி: சில்லறை கழிக்கும் இடமாக உண்டியலை வைத்துக்கொள்ளாதீர்கள். காணிக்கையை ரூபாயாகப் போடுங்கள். 2014 முதல் ஆளுக்கு 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டு கொண்டு போகலாம், வரலாம். அந்நிய நோட்டு 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால்தான் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இறங்கியதும் டாக்சிக்கு மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் விசாரித்து மாற்றுங்கள். என்ஆர்ஓ கணக்கு இருந்தால் நம் வெளிநாட்டு எண்ணிலேயே யூபிஐ கிடைக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். 2023ல் ஆஸ்திரேலியா உட்படப் பத்து நாடுகளுக்கு அந்த வசதி வந்தது.

இந்தக் கட்சிக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பெரியவள் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது மஞ்சள் துணிக்கு எங்கே போவது? என் மனைவி ஒரு கைக்குட்டையை மஞ்சள்தூளில் நனைத்து, கைக்குக் கிடைத்த, ஐந்து கங்காரு போட்ட ஒரு டாலர் காசை முடிந்து வைத்தாள். வங்கியும் வாங்காது, எண்ணுகிறவருக்கும் தொல்லை. ஆனாலும் அது அப்படியேதான் போகும், கூடவே ரூபாயும் வைத்து. டிசம்பரில் போகிறோம். பெண் இப்போது பத்தாம் வகுப்பு, தானே போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கைக்குட்டை வெளுத்துவிட்டது. மறுபடி மஞ்சளில் நனைக்கலாமா, முடிச்சைப் பிரிக்கக் கூடாதா என்று சித்தூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்க வேண்டும்.